உதடு தெரியாத காலம்

ஏனாத்தூர்
6 ஏப்ரல் 2020

அன்புள்ள நைனாவுக்கு,

இளவரசி எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது கால் வீக்கம் வடிந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவள் ஏன் வரவில்லை என்று குழம்பியிருப்பீர்கள். பஸ் ஓடவில்லை. ஓடினாலும் முதியோர் இல்லத்துக்குள் வெளியாட்களை விடமாட்டோம் என்று மேனேஜர் பெஞ்சமின் சொல்லிவிட்டார். கொரோனா என்று ஒரு நோய் வந்திருக்கிறது. இருமினால், தும்மினால், பக்கத்தில் நின்று பேசினால்கூடப் பரவுகிறது. வயதானவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதனால்தான் அங்கே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நடமாடுகிறார்கள். அவர்களுக்கு உங்களிடம் கோபம் எதுவும் இல்லை.

போனில் பேசுங்கள் என்றார் பெஞ்சமின். இருபத்தெட்டு வருஷம் அரிசி மில்லில் நெல் குத்தும் ஹல்லர் மெஷின் பக்கத்தில் நின்ற காது சார், அதற்கு எதுவும் கேட்காது என்று மறுபடியும் சொன்னேன். வீடியோவில் காட்டுகிறேன் என்றார். படம் விட்டுவிட்டு வருகிறது. உதடு ஓரிடத்தில் நிற்க, பேச்சு வேறெங்கோ போகிறது. உங்களால் படிக்க முடியாது. ஆகவே கடிதம்.

நாம் இருவரும் இதுவரை கடிதமே எழுதிக்கொண்டதில்லை. எதிரெதிரே உட்கார்ந்து, நான் சத்தமே இல்லாமல் உதட்டை அசைக்க நீங்கள் படிக்க, இத்தனை வருஷம் அப்படியே போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கல்பனா கேட்பாள்: “இன்னாடி, உங்க வூட்ல யாரும் சண்டையே போட மாட்டீங்களா?” போடுவோம், உனக்குக் கேட்காது என்பேன்.

கல்லூரியை மூடிவிட்டார்கள், அதோடு நான் வேலை பார்க்கும் நூலகத்தையும். அறையில் கூட இருந்த பெண்கள் இருவரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் நன்றாக இருக்கிறேன். விலாசம் எழுதிய கவர்கள் இதோடு வைத்திருக்கிறேன். எழுதி, உங்களைப் பார்த்துக்கொள்ளும் சுலோச்சனா அக்காவிடம் கொடுங்கள், தபால்காரரிடம் சேர்த்துவிடுவார்.

உங்கள் மகள்
இளவரசி


உத்திரமேரூர்
21 ஏப்ரல் 2020

என் தங்கம் இளவரசிக்கு உன் நைனா வீராசாமி எழுதறது.

எனக்குப் பேசற மாதிரிதான் எழுத வரும். எட்டாவதுக்கு மேல போவல. தப்பு இருந்தா செவப்பு மையில சுழிச்சி திருப்பி அனுப்பாதே.

உன் கடுதாசி வந்து ரெண்டு நாளு கயிச்சிதான் என் கைக்கு வந்துச்சு. வர்ற கடுதாசிய எல்லாம் பிரிச்சி, துணி கொடியில கிளிப்பு போட்டு வெயில்ல தொங்க வுடறாங்க. கிருமி சாவணுமாம். நான் கீய நின்னுக்கினு அண்ணாந்தே பாதி படிச்சிட்டேன்.

தினமும் நெத்திக்கு நேரா துப்பாக்கியாட்டம் ஒண்ணை வச்சி ஜுரம் பாக்கறாங்க. பக்கத்துக் கட்டில் நமச்சிவாயம், பட்டுத் தறிக்காரரு, அதைப் பாத்ததும் ரெண்டு கையையும் தூக்கிடறாரு. நாஷ்டா கட்டிலுக்கே வருது. யாரும் யாரோடயும் கூட உக்காந்து சாப்பிடக்கூடாது.

ஆனா பேஜாரா கீதும்மா. முன்னே காதுதான் போயிருந்துச்சு. இந்த மாஸ்க்கு வந்ததுல இருந்து ஊரே போயிடுச்சு. சுலோச்சனா என்னைக் குளிப்பாட்டுது, புருவம் ஏறுது, எறங்குது, இன்னா சொல்லுதுன்னு தெரியலை. நானும் வயக்கம் போல தலையை ஆட்டிடறேன். தலையாட்டி தலையாட்டி நேத்து மூணு தபா கஞ்சி குடிச்சேன். உங்கம்மா இருந்தா சிரிச்சிருப்பா. சந்தையில எவனோ இன்னாவோ கேக்க, நான் தலையாட்ட, ஆட்டைப் புடிச்சிக்கினு வூட்டுக்கு வந்தனே. “உப்பு வாங்க அனுப்பினா ஆட்டோட வந்து நிக்கறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா”ன்னா பாஞ்சாலி. அதை மட்டும் ஒரு எழுத்து வுடாம படிச்சேன்.

காலேஜ் மூடிட்டாங்கன்னு எழுதிகீறே. ஐயங்கார்குளத்துல நம்ம வூடு பூட்டித்தானே கீது. நாம ரெண்டு பேரும் அங்க போயி இருந்தா இன்னா? வூட்டுக்குள்ள நீ மூஞ்சிய மூட வேணாமே.

சும்மாதான் கேட்டேன். மனசுல வச்சிக்காதே.

உன் நைனா
வீராசாமி


ஏனாத்தூர்
4 மே 2020

அன்புள்ள நைனாவுக்கு,

கடிதம் வந்தது. ஆட்டுக் கதையைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஐயங்கார்குளத்து வீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் யோசிக்காமல் இல்லை. பின்கட்டில் ஓடு சரிந்து கிடக்கிறது. கழிப்பறை வெளியே இருக்கிறது. நீங்கள் தடுமாறினால் நான் ஒருத்தி தூக்க முடியாது. போன வருஷம் கிணற்றடியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தவிர, பால் வாங்கவும் மருந்து வாங்கவும் நான்தான் வெளியே போய்வர வேண்டும். நோயை நானே உங்களுக்குக் கொண்டுவந்துவிட்டால்? அங்கே யாரும் வெளியே போவதில்லை. நிறைய வாசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன், இப்போதைக்கு இல்லம்தான் பத்திரம்.

கொஞ்ச நாள் பொறுங்கள். சுலோச்சனா அக்காவுக்கு ஒரு சிலேட்டு வாங்கித்தரும்படி பெஞ்சமினிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மகள்
இளவரசி


உத்திரமேரூர்
14 ஜூன் 2020

தங்கம் இளவரசிக்கு,

சிலேட்டு வந்துச்சு. சுலோச்சனா எழுதறது எனக்குப் புரியறதுக்குள்ள மாத்திரை கரைஞ்சி பூடுது. அதுக்கு எழுதப் பொறுமை இல்லை, எனக்குப் படிக்கக் கண்ணாடி செரியில்லை.

ஆனா கேளு. மருந்து ரூமுக்குக் கண்ணாடிக் கதவு கீது இல்ல? போன வாரம் சுலோச்சனா அதுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கினு, மாஸ்க்கைக் கீய எறக்கிட்டு, கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னு பேசிச்சு. “யோவ் பெரிசு, ஒயுங்கா மாத்திரையப் போடு, இல்லாங்காட்டி உன் பொண்ணுகிட்ட வத்தி வச்சிடுவேன்.” எழுபத்தஞ்சி நாளுக்கு அப்புறம் ஒரு மனுசப் பேச்சு. எனக்கு அயுகை வந்துடுச்சு. அது பயந்துபோயி, “அய்யோ சும்மா சொன்னேன்யா”ன்னுச்சு. இப்போ தினமும் பத்து நிமிசம் கண்ணாடிப் பேச்சு. பெஞ்சமின் பாத்துட்டு கண்டுக்காம போயிட்டாரு.

சுலோச்சனா மார்ச்சு மாசத்துல இருந்து வூட்டுக்குப் போவல. இங்க வேலை செய்யறவங்க எல்லாம் சாப்பாட்டு ஹால்லயே பாய் போட்டுக்கினு தூங்கறாங்க. பொண்ணு மானாம்பதியில தனியா கீது. பத்தாவது பரிச்சையே எழுதாம பாஸுன்னு சொல்லிட்டாங்களாம். நேத்து அந்த ரூமுக்குள்ள போன்ல பேசினதை நான் படிச்சிட்டேன். “அம்மா வர முடியாதுடி, இங்க பெரியவங்களுக்கு என்னை வுட்டா யாரும் இல்லை”ன்னுச்சு. சோப்பு போட்டுப் போட்டு அது கையெல்லாம் உரிஞ்சி கீது. எங்களைப் பாத்துக்கறவங்களை யாரு பாத்துக்கறாங்கன்னு தெரியலை.

நீயும் ஒரு தபா வாம்மா. கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ. உன் பேச்சைப் பாத்து மூணு மாசம் ஆவுது.

உன் நைனா
வீராசாமி


ஏனாத்தூர்
2 ஜூலை 2020

அன்புள்ள நைனாவுக்கு,

ஒரு முக்கியமான சேதி. நிதானமாகப் படியுங்கள்.

பக்கத்து ஊர்களில் நோய் அதிகமாகிவிட்டதால், ஜூலை பதினைந்திலிருந்து இல்லத்தின் கேட்டை முழுவதுமாகச் சாத்தப்போகிறார்கள். அதற்குப் பிறகு யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. வீட்டுக்கு அழைத்துப்போக விரும்புகிறவர்கள் பதினான்காம் தேதிக்குள் அழைத்துப்போகலாம். விட்டுவைப்பவர்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

பதினொன்றாம் தேதி சனிக்கிழமை, தோழி சுபாஷ்ரீயின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு வருகிறேன். உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி நிற்கலாம், உங்களை வராந்தாவில் உட்காரவைப்பார்கள். கண்ணாடிக் கதவு வரை வர அனுமதி கேட்டேன், இல்லை என்றார்கள்.

இருப்பதா வருவதா என்று நேரிலேயே உங்களைக் கேட்கிறேன். நீங்கள் சொல்வதுபோலச் செய்யலாம்.

உங்கள் மகள்
இளவரசி


உத்திரமேரூர்
11 ஜூலை 2020, சனிக்கிழமை சாயங்காலம்

தங்கம் இளவரசிக்கு,

நீ போயி ஒரு மணி நேரம்கூட ஆவல. ஸ்கூட்டி ரோட்டு முனையில திரும்பற வரைக்கும் பாத்துக்கினு இருந்தேன். இளைச்சிட்டே. மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும் தெரியச்சொல்ல உங்கம்மாவே வந்து நிக்கற மாதிரி இருந்துச்சு.

நீ பேசினது ஒரு வார்த்தை தெரியலை. ஆனா இன்னா பேச வந்தேன்னு எனக்குத் தெரியாதா? கடுதாசியிலதான் எழுதியிருந்தியே. கையை இங்க காட்டினே, ரோட்டுப் பக்கம் காட்டினே. என்னைக் கூட்டிக்கினு போவத்தான் வந்தே. நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள தலையாட்டிட்டேன். நீ எங்கனா மனசு மாறிடப் போறியேன்னு மறுபடியும் ரெண்டு தபா ஆட்டினேன்.

என்னிக்கின்னுதான் புரியலை. துணியெல்லாம் மடிச்சி வச்சிட்டேன். சட்டை நாலு, வேட்டி மூணு, மாத்திரை டப்பா. நாளைக்கே காத்தால குளிச்சி ரெடியா உக்காந்துடுவேன். நீ எப்ப வந்தாலும் செரி. ஓடு சரிஞ்சா சரிஞ்சிட்டுப் போவுது, முன்கட்டுல படுத்துக்கலாம்.

நமச்சிவாயம்கிட்ட சொன்னேன். கையைத் தூக்கிக் கும்புட்டாரு.

உன் நைனா
வீராசாமி


ஏனாத்தூர்
12 ஜூலை 2020

அன்புள்ள நைனாவுக்கு,

நேற்று உங்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனது லேசாக இருக்கிறது. என்ன சொல்வீர்களோ என்று பயந்துகொண்டேதான் வந்தேன். இங்கேயே இருந்துகொள்கிறீர்களா என்று நான் கேட்டதும் தலையசைத்துவிட்டீர்கள், அதுவும் ஒரு முறை அல்ல, மூன்று முறை. என் நிலைமையை இவ்வளவு சுலபமாகப் புரிந்துகொள்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

பெஞ்சமினிடம் அப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கேட்டைத் திறந்ததும் முதல் ஆளாக வருகிறேன். தைரியமாக இருங்கள்.

உங்கள் மகள்
இளவரசி


ஏனாத்தூர்
20 ஜூலை 2020

நைனா,

சனிக்கிழமை நீங்கள் எழுதிய கடிதம் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.

அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. உடனே பெஞ்சமினுக்குப் போன் செய்தேன். கேட்டைப் பூட்டி ஐந்து நாள் ஆகிறது, இப்போது ஒருவருக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்றார். அழுது பார்த்தேன். ஆகஸ்ட் முடியட்டும் என்கிறார்.

நீங்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டுவிட்டீர்களா? காத்திருந்தீர்களா? எத்தனை நாள்? கோபமாக இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

இளவரசி


உத்திரமேரூர்
27 ஜூலை 2020

தங்கம் இளவரசிக்கு,

நீ எதுக்கு அயுவறே? நான் வெளையாட்டுக்கு எழுதினதை நெசம்னு நம்பிட்டியா? நீ கேட்டது எனக்கு நல்லாவே புரிஞ்சிது. இருந்துக்கறேன்னுதான் தலையாட்டினேன். துணி மடிச்சது, கட்டிலுக்கு மருந்து அடிக்க வராங்கன்னு. வெளிய உக்காந்தது வெயிலுக்கு.

இங்க ஒரு கொறையும் இல்லை. வேளைக்கு சோறு வருது. நீ ஒயுங்கா சாப்பிடு.

உன் நைனா
வீராசாமி


ஐயங்கார்குளம்
10 ஆகஸ்ட் 2020

அன்புள்ள நைனாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ஏனாத்தூர் அறையைக் காலி செய்துவிட்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓடு மாற்றியாயிற்று. கழிப்பறைக்குப் போகிற வழியெல்லாம் பிடித்துக்கொள்ள மூங்கில் கட்டியிருக்கிறேன். செப்டம்பர் ஒன்றாம் தேதி கேட்டைத் திறப்பார்கள் என்று பெஞ்சமின் சொன்னார். அன்று காலையில் ஆட்டோவோடு வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேரில் வந்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

வெயிலுக்காக உட்கார்ந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். வசந்த்குமார் என்று அந்தக் கேட்டில் ஒரு காவலாளி இருக்கிறார். அவரிடம் போனில் கேட்டேன். “மூணு நாளும்மா. துணி மூட்டைய மடியில வச்சிக்கினு. யாரு வண்டி வந்தாலும் எயுந்து நின்னுடுவாரு” என்றார்.

நைனா, உங்களுக்குப் புரியாவிட்டால் தலையாட்டுவீர்கள் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். ஐந்து வயதிலிருந்து தெரியும். கடைக்காரரும் கண்டக்டரும் உங்களிடம் ஏதாவது கேட்டால், அவர்கள் சொன்னதை உதட்டால் திருப்பிச் சொல்வது என் வேலையாக இருந்தது. அன்றைக்கு என் வாய் மூடியிருந்தது. நான் பேசியது உங்களுக்குத் தெரியவில்லை என்று பேசும்போதே தெரியும். என் பையில் பேனா இருந்தது. நோட்டும் இருந்தது. பெரிய எழுத்தில் எழுதித் தூக்கிக் காட்டியிருக்கலாம். அவ்வளவு தூரத்தில் ஒரு நிமிஷம் மாஸ்க்கை இறக்கினால் ஒன்றும் ஆகியிருக்காது. எதையும் செய்யவில்லை. “என்கூட வர்றீங்களா?” என்று கேட்பதாக எழுதிவிட்டு வந்தவள், அதைக் கேட்கவும் இல்லை. “இங்கியே இருந்துக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டேன். எதைக் கேட்டாலும் தலையாட்டப் போகிறவரிடம் எதைக் கேட்டால் எனக்கு வசதியோ, அதைக் கேட்டேன்.

ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானே சொல்கிறேன். அம்மா போனதிலிருந்து வீடு என் தலையில். பிறகு உங்களுக்கு வாதம். உங்களைப் பார்த்துக்கொண்டதில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஏனாத்தூரில்தான் முதல்முறையாக எனக்கென்று ஒரு கதவும் உள்தாழ்ப்பாளும் கிடைத்தன. கூட இருந்த பெண்களும் போன பிறகு, நாள் முழுக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஊரே பயந்து கிடந்த அந்த மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன் நைனா. உங்களை நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டே சந்தோஷமாக இருந்தேன். நோய் பரவும், ஓடு சரியும் என்று நான் எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் அவை மட்டும் காரணம் இல்லை.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. வீட்டுக்கு வாருங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் மகள்
இளவரசி


உத்திரமேரூர்
24 ஆகஸ்ட் 2020

இளவரசிக்கு,

கடுதாசி கெடச்சிது. நெசத்தை எழுதினே. நானும் இந்தத் தபா நெசத்தை எழுதிடறேன்.

மூணு நாளு உக்காந்திருந்தேன். ஞாயித்துக்கெயமை முழு ஊரடங்கு, வண்டியே ஓடாதுன்னு சிலேட்டுல எழுதிக் காட்டினாங்க, அப்பவும் உக்காந்தேன். உன் வண்டிக்குப் பாஸ் கெடச்சிருக்கும்னு நெனச்சேன். ரெண்டாவது நாளு மாஸ்க்கைத் தாவாக்கட்டைக்குக் கீய எறக்கி வுட்டுக்கினு ஒருத்தன், “இன்னா வீராசாமி, உன் பொண்ணு இன்னா ராக்கெட்லயா வருது?”ன்னான். மூணாவது நாளு நமச்சிவாயத்தை அவரு புள்ள பிரேம்நாத்து கார்ல வந்து கூட்டிக்கினு போனான். அவரு ஏறச்சொல்ல என் பக்கம் திரும்பலை, சங்கடம். சாயங்காலம் சுலோச்சனாதான் ரிஜிஸ்டரைப் பாத்துட்டு வந்து சிலேட்டுல எழுதிச்சு. உன் பொண்ணு இருக்கச் சொல்லி கையெழுத்து போட்டுட்டாங்க. அன்னிக்குன்னு பாத்து அது எழுத்து அவ்ளோ தெளிவா இருந்துச்சு.

போன வாரம் நமச்சிவாயம் செத்துட்டாருன்னு சேதி வந்துச்சு. அந்த நோவுதான். வூட்டுல இருந்த எல்லாருக்கும் வந்து, இவரு மட்டும் போயிட்டாராம். இங்க இது வரைக்கும் ஒருத்தருக்கும் வரலை. நீ சொன்னது செரிதான். இங்கதான் பத்திரம். அதுல உன்மேல தப்பு சொல்ல முடியாது. ஆனாலும் அன்னிக்கு அந்தக் கார்ல ஏறினது நானா இருந்திருக்கக்கூடாதான்னு இப்பவும் தோணுது. இதை எயுதக்கூடாது. எயுதிட்டேன்.

செப்டம்பர் ஒண்ணாந்தேதி ஆட்டோ கொண்டார வேணாம். நான் வரலை.

உன்மேல கோவம் இல்லைன்னு எழுதலாம்னு ரெண்டு நாளா பாக்கறேன், கை வரலை. தனியா இருக்க ஆசைப்பட்டது தப்பு இல்லை. அதைச் சொல்லியிருந்தா நானே இருந்துக்கறேன்னு சொல்லியிருப்பேன். மில்லுல அவ்ளோ சத்தத்துல நின்ன எனக்கு, ஒரு பொண்ணுக்கு அமைதி வேணும்னு தெரியாதா? காது கேக்காதவனை ஊர்ல எல்லாரும் ஏமாத்தியிருக்காங்க. நீ ஒருத்திதான் ஏமாத்தினதில்லை. இனிமே நம்ம வூட்டுல உக்காந்துக்கினு உன் உதட்டைப் பாத்தா, இதுல எது நெசம்னு தேடிக்கினே இருப்பேன். அந்த மூணு நாளையும் உன்னையும் ஒரே வூட்டுல வச்சிக்க எனக்குத் தெம்பு இல்லை.

நீ ஏனாத்தூருக்கே போ. கடுதாசி போடணும்னு தோணினா போடு, படிப்பேன். நான் எழுதுவனான்னு தெரியலை.

சுலோச்சனா பொண்ணு பதினொண்ணாவது சேந்துகீது. இங்கிலீசு டிக்‌ஷனரி ஒண்ணு வேணுமாம். உன்கிட்ட பயசு இருந்தா கொண்டாந்து குடு, பாவம், நல்லா படிக்கற பொண்ணு. கேட்டுல வசந்த்குமார் கையில குடுத்தா போதும். என்னைக் கூப்பிடச் சொல்லாதே.

வீராசாமி